ரூமா சொந்தோ

எனக்கு எட்டு வயதானபோது எங்கள் தோட்டத்தில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "டெவலப்மென்ட் வருது." பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவார்கள். மலேசியாவில் ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் அது. மரங்களை வெட்டிவிட்டுப் பெரிய பெரிய வீடுகள் கட்டப் போகிறார்களாம், லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற எங்களுக்கு அடுக்குமாடியில் வீடு தருவார்களாம். லயத்தில் பாதிப் பேருக்கு அது சந்தோஷம்தான். மழையில் குடை பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் புரியும்.

எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், அம்மா மட்டும் போடவில்லை. தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை அம்மாவுக்கு. வீடும் அவர் பெயரில்தான் இருந்தது. "வீட்டைக் கண்ணுல காட்டட்டும், அப்புறம் போடுறேன்" என்று ஒரே பிடிவாதம். இதில் மாட்டிக்கொண்டு முழித்தவர் மாமா, அம்மாவின் தம்பி. வீடு கட்டுகிற கம்பெனியின் விற்பனை அலுவலகத்தில் அவருக்கு ஜாகா வேலை, காவல்காரராகக் கேட்டைத் திறந்து மூட வேண்டும். அக்காவின் கையெழுத்தை வாங்கி வராவிட்டால் வேறு ஜாகா பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மாமா மூன்று பிள்ளைக்காரர். ஆனாலும் அவர் இதை அம்மாவிடம் மூச்சுவிடவில்லை. அவர் மனைவி, என் அத்தைதான் வந்து சொல்லி அழுதுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இதெல்லாம் தெரிய வந்தது பல வருஷம் கழித்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கம்பெனி வேனோடு வந்து நின்றார். "அக்கா, கெளம்பு. ரூமா சொந்தோ காட்டுறேன்."

மலாயில் ரூமா என்றால் வீடு, அது எனக்குத் தெரியும். சொந்தோ என்றால் சொந்தம், வேறென்ன! எங்களுக்குச் சொந்த வீடு கிடைத்துவிட்டது என்று லயம் முழுக்க ஓடிச் சொல்லிவிட்டு வந்தேன். புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்ச வேண்டுமே, பெரியவர்கள் மறந்துவிட்டார்களே என்று வேறு கவலை. வீட்டில் இருந்தது டீக்கு ஊற்றுகிற கெட்டிப் பால், அதுவும் அரை டின். அதைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வேன் எங்களை விற்பனை அலுவலகத்துக்குப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டது. அப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்லை. உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு அறையைப் பிடித்துவைத்தேன். மேசையில் இருந்த ஆப்பிளைக் கடித்தால் மெழுகு. டிவியைத் தட்டினால் அட்டை. அம்மா சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தார், சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நான் டின்னை அடுப்பில் வைத்துத் திருகினேன். அடுப்பு பற்றவில்லை, டின் சாய்ந்து பால் மட்டும் அடுப்பெல்லாம் வழிந்தது.

விற்பனைப் பெண், ஒரு சீனத்தி, ஓடி வந்தார். "அடெக், ஜாங்ஙான் லா! இனி ரூமா சொந்தோ சாஜா!"

தொடாதே, இது வெறும் மாதிரி வீடு, பார்க்க மட்டும்தான். எனக்கு மானம் போயிற்று. "மாமா பொய் சொல்லிட்டாரு!" என்று ஓவென்று அழுதேன்.

அம்மா சேலைத் தலைப்பால் பாலைத் துடைத்தார். மலாய்க்கார மண்டோரின் மேற்பார்வையில் பத்து வருஷம் வேலை செய்தவர், அவருக்கு அந்த வார்த்தை புதிதில்லை. துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதே மாதிரிதான் எங்களுக்குமா, தம்பி?"

"இதே மாதிரிதாங்கா" என்றார் மாமா, தரையைப் பார்த்துக்கொண்டு. சொன்னவர் அங்கே நிற்காமல் கேட்டுக்குப் போய்விட்டார்.

பிறகு எங்களுக்குக் கிடைத்தது நான்காம் மாடியில் இரண்டு அறை. குழாயில் தண்ணீர் வருகிறது, அதைக் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் மட்டும் அதன் இஷ்டத்துக்கு ஓடும்.

மாதிரி வீட்டைப் பார்த்த அன்றைக்கே அம்மா அந்த விற்பனைப் பெண்ணின் மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். தாளை வாங்க அந்தப் பெண் கையை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. வெயிலில் கேட் வரைக்கும் நடந்து போய் மாமாவின் கையில் கொடுத்தார்.

"நீயே கொண்டுபோய் மேனேஜர்கிட்ட குடு தம்பி. நான்தான் வாங்கிக்கிட்டு வந்தேன்னு சொல்லு."

மாமா அந்தத் தாளை வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாங்குவதற்கு அங்கேயே ஆள் இருக்கும்போது இந்த அம்மா எதற்கு என்னை இவ்வளவு தூரம் வெயிலில் இழுத்துக்கொண்டு வந்தார் என்று எனக்கு ஒரே எரிச்சல்.