மூன்றாம் செடிக்கு வந்த பால்

நிஷிவாகி தோகுஜி முப்பத்தெட்டு வருடம் ரயில் நிலையத்தில் பயணச்சீட்டு பரிசோதித்தவர். ஓய்வுக்குப் பின் பரிசோதிக்க மிச்சமிருந்தது ஜப்பானின் கோபோ ஊரில் அவர் வீட்டுப் பின்புறத் தோட்டம்தான். அங்கே ஷிஷிதோ என்கிற காரமில்லாத மிளகாய் வளர்த்தார். விதை வாங்கியது ஒரே ஒரு முறை. பத்தொன்பது வருடமாக ஏதாவது ஒரு செடியில் காயைப் பழுக்கவிட்டு, அந்த விதையைத்தான் மறு வருடம் போடுகிறார்.

போன வருடம் வேலிக்கு அப்பால் யாரோ காரமிளகாய் நட்டுவிட்டார்கள். தேனீக்களுக்கு வேலி தெரியாது. இந்த வருடம் முளைத்த மூன்று செடிகளில் எதில் காரம் ஏறியிருக்கிறது? தப்பான செடியில் விதை எடுத்தால் பத்தொன்பது வருடமும் வீண். கடித்துப் பார்க்கவும் வழியில்லை. வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவருக்கு மிளகாய் கூடாது. மனைவி சதாயே மிளகாயைத் தொடுவதே இல்லை.

எனவே முதல் செடியின் காய்கள் பாய் பின்னுபவர் வீட்டுக்கு, இரண்டாவது அதே தெருவில் குடியிருக்கும் எனக்கு, மூன்றாவது முடிதிருத்தும் ஹமுரோ வீட்டுக்கு என்று வாராவாரம் போயின.

"காரமா இருந்துச்சா?" என்று ஹமுரோவைக் கேட்டார்.

"சேச்சே! அருமைங்க நிஷிவாகிசான். மறக்கவே முடியல."

பாய்க்காரரும் அருமை என்றார். நானும் அதையே சொன்னேன். நான் திருநெல்வேலிக்காரன், என் நாக்கின் சாட்சியை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

"வாய் வெந்து பாலைத் தேடி ஓடினாலும் இந்தத் தெருவுல அருமைன்னுதான் சொல்லுவாங்க," என்றார் சதாயே. "நீங்க மட்டும் என்ன, என் சமையலை என்னிக்காவது நல்லால்லன்னு சொல்லியிருக்கீங்களா?"

தோகுஜி குளிர்ந்த பார்லித் தேநீர் எடுக்கப் போனார். எங்கள் தெருவில் வாங்கியவர் மறுநாளே பதிலுக்கு ஏதாவது கொடுத்துவிடுவார். எல்லாம் குளிர்பெட்டியில் இருந்தன. பாய்க்காரர் கொடுத்த கத்தரிக்காய் ஊறுகாய். நான் கொடுத்த வாழைப்பழம். ஹமுரோ வீட்டிலிருந்து பால், தயிர், ஐஸ்கிரீம், மறுபடியும் பால்.

கதவை மூடச் சொல்லிக் குளிர்பெட்டி கத்தும்வரை நின்றார்.

"ஏம்மா, ஹமுரோ வீட்டுல மாடு கீடு வாங்கியிருக்காங்களா?"

"கடையில மூணு நாற்காலி போடவே அவருக்கு இடமில்ல."

தோகுஜி கையுறை மாட்டிக்கொண்டு போய் மூன்றாம் செடியைப் பிடுங்கினார். அந்த வாரம் ஹமுரோவுக்கு முதல் செடியின் காய்களைக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் ஹமுரோ வீட்டிலிருந்து வறுத்த கடலை வந்தது. பொட்டலத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் முதல் செடியில் ஒரு காயில் விதைக்கென்று சிவப்பு நூல் கட்டினார்.