கைப்பிடியை எப்போது தள்ளுவது?

பெரிய மோட்டாரை எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜில் கிளப்பினால் ஃபியூஸ் போகும், மோட்டாரே எரியவும் கூடும்; அதனால் ஸ்டார்ட்டர் கைப்பிடியை முதலில் ஒரு பக்கம் இழுத்துக் குறைந்த வோல்டேஜில் சுழலவிட்டு, வேகம் பிடித்ததும் மறுபக்கம் தள்ள வேண்டும். முதல் நிலை ஸ்டார், அடுத்தது டெல்டா. தொண்ணூறுகளில் போத்தனூர்ப் பட்டறை ஒன்றில், இந்த ஸ்டார்ட்டர் பெட்டியை விற்று மாட்டிக் கொடுக்கத் தற்காலிகமாகச் சேர்ந்தேன். "மாசக் கடைசிக்குள்ள நீங்க மாட்டுன ஸ்டார்ட்டர் ஒண்ணாவது திரும்பி வராம இருக்கோணும். இல்லீன்னா வேற எடம் பாத்துக்குங்க" என்றார் முதலாளி. பெட்டியோடு வாசல் வாசலாக நின்றவர்களுக்கு என் நிலைமையை விளக்கத் தேவையில்லை.

இருப்பதையே விற்றது

சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டம். குறைந்த வோல்டேஜின் மேன்மையை, டிப்ளமோ படித்த பலம் முழுவதையும் திரட்டி எடுத்துரைத்தேன். தோட்டக்காரர் கடைசிவரை கேட்டார். இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் சொன்னார்: "ஏனுங்க, எங்க லைன்ல வருசம் பூரா கொறஞ்ச வோல்டேஜ்தான் வருது. அதைக் குடுக்கறக்கு ஒரு பெட்டி எதுக்குங்க?"

முன்னும் பின்னும்

வெள்ளகோவிலில் ஓர் எண்ணெய் மில்லில் ஒரு பெட்டி வாங்கினார்கள். ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்கு ஆறு ஒயர். அனுபவசாலிபோலப் படத்தைப் பார்க்காமலே மாட்டினேன். ஸ்டாரில் மோட்டார் ஒழுங்காகச் சுற்றியது. மில்காரர் தலையாட்டினார். அந்தப் பூரிப்பில் அவசரமாக டெல்டாவுக்குத் தள்ளினேன்.

ஒயர் இடம் மாறியிருந்ததால், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எதிர்த்திசையில் திரும்பப் பார்த்தது. பெல்ட் கழன்று பறந்தது. ஃபியூஸ் வெடித்தது. நான் கடலை மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். ஸ்டார்ட்டரைச் சாக்கில் கட்டி என்னோடு பஸ் ஏற்றிவிட்டபோது மில்காரர் சொன்னார்: "தம்பி, நமக்கு முன்னாடி போனாப் போதுங்க. பின்னாடி இழுக்கறக்குத்தான் பங்காளிங்க இருக்கறாங்களே."

பொறுமை

கடைசி வாய்ப்பு பொள்ளாச்சியில் ஒரு தென்னந்தோப்பு. இம்முறை படத்தைப் பார்த்து மாட்டி, இரண்டு தடவை சரிபார்த்தேன். தோப்பைப் பார்த்துக்கொண்ட அம்மாவிடம், "அவசரமே படாதீங்க. பொறுமையாத் தள்ளுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஸ்டாரிலேயே நின்றால் மோட்டார் சூடேறும், சில நொடிகளில் தள்ளிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

மாதக் கடைசி நாள் அந்த அம்மா டெம்போவில் வந்து இறங்கினார். கூடவே கருகிய வாசனையோடு மோட்டார். "நீங்கதான கண்ணு பொறுமையாத் தள்ளச் சொன்னீங்க? கைப்பிடிய இழுத்துப்போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வந்து, பொறுமையாத்தான் தள்ளுனேன்."

தீர்ப்பு

முதலாளி மோட்டாரை மோந்து பார்த்தார். ஸ்டார்ட்டர் எங்கே என்று கேட்டார். அது நன்றாகத்தான் இருக்கிறது, சுவரிலேயே இருக்கட்டும் என்றார் அந்த அம்மா. பட்டறைக்குப் பின்னால், எரிந்த மோட்டார்களுக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கொட்டகையும் முதலாளியுடையதுதான். சில வாரங்களாக அங்கே வேலையில்லை. அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்: "ஸ்டார்ட்டர் திரும்பி வரலீங்க, சொன்ன சொல்லுதான். உங்களாட்டம் ஒருத்தர் ஊருக்குள்ள சுத்தறது காயில் கொட்டாய்க்கும் நல்லதுங்க. நாளையிலிருந்து நிரந்தரம்."

மோட்டார் எரியாமல் காக்கத்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்; என் வேலையைக் காத்தது எரிந்த மோட்டார்.