நோட்டில் ஒட்டிய சிவப்பு அம்பு

காதில் விழுந்ததை ஒரு சொல் விடாமல் பதிவு செய்ய வேண்டும் என்பது அலுவலக விதி. சுருக்கெழுத்தராக முப்பது வருட சர்வீஸில் நான் அதை மீறியதில்லை. ஓய்வுக்குப் பின் தொழிலாளர் சட்டப் பட்டயப் படிப்பில் சேர்ந்தபோதும் அப்படியே எழுதினேன். ஒரே தாளில் இருமுறை தோற்றேன்.

ஞாயிறு வகுப்பில் என் பக்கத்து இருக்கை சரோஜாவுக்கு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பழுதுள்ள பனியனில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரைத் தன் நோட்டிலும் அங்கங்கே ஒட்டுவார்.

"ஏனுங்க, நோட்டும் டேமேஜா?" என்று சீண்டினேன்.

"நோட்டு நல்லாத்தானுங்க சார் இருக்குது. அது எம்பட மனசு எங்கியோ போயிட்டு வந்த எடமுங்க. கிளாஸ் முடிஞ்சதும் அதைய மட்டும் வாத்தியார்கிட்டக் கேட்டுக்குவேன். உங்களுக்கு மனசே நகராதுங்களா?"

நகராது என்று காட்ட என் நோட்டைத் திறந்தேன். தொழிற்சாலைச் சட்டத்தின் நடுவே, என் அழகான கையெழுத்தில், "தக்காளி அரைக் கிலோ, கொத்தமல்லி ஒரு கட்டு" என்றிருந்தது.

"உங்களுக்கு ஒரு ஷீட் பத்தாதுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு ஷீட் ஸ்டிக்கரை நீட்டினார்.

அடுத்த வகுப்பில் பதினோரு அம்புகள் ஒட்டினேன். பதினொன்றையும் ஆசிரியரிடம் கேட்டேன். முப்பது வருடமும் என் கை மட்டும்தான் வேலை பார்த்ததோ என்ற சந்தேகம் வந்தது; வருத்தம் வரவில்லை.

மூன்றாம் முறை தேர்வு எழுதினேன். தை மாதம் ஒன்பதாம் தேதி, தேறிவிட்டதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது.