ரஞ்சிதத்தின் பிரவுன் பம்ப்

ரஞ்சிதம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, சலிப்பவர். சிங்கவரத்திலிருந்து சைக்கிளில் செஞ்சிக்கு வருவார். கமிட்டி என்று நாங்கள் சொல்லும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், சிந்திய கொட்டையைக் கூட்டி அள்ளிச் சல்லடையில் போட்டு மண்ணையும் சருகையும் பிரிப்பார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. அவர் சலித்த குவியலில் கை விட்டால் கல் அகப்படாது. அவருடைய ஆஸ்துமா அந்தத் தூசியால்தான் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தூசி அதைக் கூட்டியது என்று மட்டும் சொல்லலாம்.

நான் மருந்துக்கடையில் இருப்பவன். மூன்று வருடமாக அவருக்கு நீலப் பம்ப், வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர், கொடுத்துவந்தேன். உறிஞ்சிய ஐந்து நிமிடத்தில் மூச்சிரைப்பு தணியும். போன மாசியில் டாக்டர் கூடவே ஒரு பிரவுன் பம்பும் எழுதினார். காலை, மாலை இரண்டு வேளை என்று மருந்துச்சீட்டில் இருந்தது. கடையில் நல்ல கூட்டம். "இதையும் அடிச்சிக்குங்கக்கா" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டேன். தப்பு அங்கேதான்.

எட்டாம் நாள் வந்து பிரவுன் பம்பைக் கடையின் கண்ணாடி மேசை மேல் வைத்தார்.

"இன்னா தம்பி, காலி டப்பாவ குடுத்து அனுப்பிட்டியா?"

"ஏன்க்கா?"

"மூச்சு வாங்கறப்ப அடிச்சேன். ஒண்ணும் கேக்கல. நீலத்த அடிச்சப்புறம்தான் உயிரே வந்துச்சு. மேஸ்திரி பச்சமுத்து நேத்து இன்னா சொன்னான் தெரியுமா? பதினஞ்சு நாளுக்குள்ள இருமல் நிக்கலைன்னா சல்லடைக்கு வேற ஆளாம். நான் வாசல் கேட்டு பக்கத்துல உக்கார்ந்து சாக்கு தைக்கணுமாம்."

சாக்கு தைப்பதும் வேலைதான். ஆனால் தன் சல்லடை இன்னொருவர் கைக்குப் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று கடையில் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நீலம், மூச்சுக்குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்துகிறது. அதனால் உடனே தெரியும். பிரவுன், ஸ்டீராய்டு. குழாயின் உள்வீக்கத்தை அது வற்றவைக்க வேண்டும். அதன் வழி நீளமானது. முதலில் செல்லின் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது. அங்கே அதற்கென்று ஒரு புரதம், ஏற்பி என்பார்கள், வேறு சில புரதங்களின் பிடியில் காத்திருக்கிறது. மருந்து வந்து ஒட்டியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, பிடியும் மாறுகிறது. மருந்தோடு சேர்ந்த ஏற்பி உட்கருவின் துளை வழியே நுழைந்து, வீக்கத்தை உண்டாக்கும் மரபணுக்களை அடக்குகிறது, தணிப்பவற்றை எழுப்புகிறது. உட்கருவுக்குள் போவது சில நிமிட வேலை. புதுப் புரதம் உருவாகச் சில மணி நேரம். வீக்கம் வற்ற நாள் கணக்கு, சிலருக்கு வாரக் கணக்கு.

"கமிட்டி மாதிரின்னு சொல்லு. லாட் நம்பர் சீட்டு ஒட்டாத மூட்ட உள்ள போவாது."

"கிட்டத்தட்ட. ஆனா மூட்ட, அந்த ஏற்பி, ஏற்கெனவே வாசல்ல கெடக்குது. நீங்க உறிஞ்சுறது சீட்டு மட்டும்தான்."

"அப்ப தெனம் சீட்டு குடுக்கணும்."

"ரெண்டு வேளையும். மூச்சு நல்லா இருந்தாலும். அடிச்சிட்டு வாய் கொப்புளிச்சுத் துப்பிடணும். திடீர்னு மூச்சு வாங்குனா நீலம்தான்."

"இத அன்னிக்கே சொல்றதுக்கு வாய் வலிச்சுதா?"

பிரவுன் பம்பை எடுத்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அதிலிருந்து பதினோராம் நாள் கமிட்டியில் பக்கத்துச் சல்லடைக்காரி வளர்மதி கேட்டிருக்கிறாள்: "இன்னாக்கா, காலையிலேர்ந்து புஸ்ஸு சத்தமே காணோம்? பம்ப வூட்ல மறந்துட்டியா?" ரஞ்சிதம் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். நீலம் அங்கேதான் இருந்தது. முந்தின நாளும் அதை எடுக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

கெடு முடிந்த அன்று பச்சமுத்து வந்து நின்றார். "இன்னிக்கு ரஞ்சிதம் இருமிச்சா?"

"பீடி புடிச்சிட்டு நீ இருமுறதுதான் மேஸ்திரி கேக்குது" என்றாள் வளர்மதி.

சல்லடை ரஞ்சிதத்திடமே இருந்தது.

சித்திரை கடைசியில் பிரவுன் பம்ப் தீர்ந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டுப் புது மருந்துச்சீட்டோடு வந்தார். நலமானதும் நிறுத்திவிடுபவர்களே அதிகம். "நிறுத்திடலாமான்னு நீங்க கேக்கலியேக்கா" என்றேன்.

"நாலு நாள் சீட்டு குடுக்கலைன்னா எந்த மூட்ட உள்ள போவும்?"

அவருக்குப் பின்னால் நின்ற பெரியவர் நீட்டிய மருந்துச்சீட்டிலும் பிரவுன் பம்ப் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். ரஞ்சிதம் நகரவில்லை.

"சும்மா குடுத்து அனுப்பாத தம்பி. அவருக்கும் முழுசா சொல்லு" என்றார்.