மூவாயிரம் வருஷத்துத் தீட்டு

சின்னக் காஞ்சிபுரத்தில் பராங்குசம் ஐயங்கார் சமைத்ததைப் பெருமாள் சாப்பிட்டார். பராங்குசம் ருசி பார்த்ததில்லை. தெருக்கோடியில் இருந்த ஒரு சின்னச் சந்நிதியின் மடைப்பள்ளியில் அவருக்குத் தளிகை வேலை. பெருமாளுக்கு முன்னால் தன் மூக்கு முந்திக்கொள்ளக் கூடாது என்று முகத்தில் துணி கட்டிக்கொண்டு, மாவில் மிளகும் சுக்கும் கலந்து, மூங்கில் குடலையில் ஊற்றி இட்லி வேகவைப்பார். உப்பைச் சரிபார்க்க நாக்கில் வைத்த பாவம் அவரைச் சேராது. உப்புக் கரிக்கிறது என்று பெருமாளும் ஒருநாள் சொன்னதில்லை. இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்புக்கும் திருப்தி.

மடைப்பள்ளியிலிருந்து திரும்பியதும் அவர் வீட்டில் சாப்பிடுவது பழையது. ராத்திரி எல்லோரும் சாப்பிட்ட பிறகு, மருமகள் வைதேஹி வெண்கலப் பானையில் ஒரு பிடி சாதத்தை விட்டுவைத்துத் தண்ணீர் ஊற்றி மூடுவாள். அது அவள் புருஷன் வரதராஜனுக்கு. அவன் வேளைகெட்ட வேளையில் வந்து கதவைத் தட்டினால் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாதே! அவன் வரமாட்டான். விடிந்ததும் அந்தச் சோறு அப்பாவுக்கு. பிள்ளையின் பங்கைத் தினமும் தின்று உயிரோடிருந்த மனுஷர் அவர்.

வரதராஜன் மெட்ரிகுலேஷன் தேறியவன். சீமையில் பெரிய சண்டை மூண்டு சர்க்கார் ஆள் எடுத்தபோது, பட்டாளத்துக்கு அரிசி மூட்டைக் கணக்கு எழுதுகிறேன் என்று எகிப்துக்குக் கப்பலேறினான். கொஞ்ச நாளில் 'ஆளைக் காணவில்லை' என்று சர்க்காரிடமிருந்து தகவல் வந்தது. எவனாவது வரப்பை ஒரு முழம் தள்ளி உழுதால் சங்கிலியோடு ஆள் அனுப்பி அளக்கிற சர்க்கார், ஆறடிப் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஒற்றை வரியில் கையை உதறிவிட்டது. செத்தான் என்று சொல்லவில்லை. இருக்கிறான் என்றும் சொல்லவில்லை.

சர்க்காருக்கு இருந்த பொறுமை தெருவுக்கு இல்லை. காணாமற்போனவன் பன்னிரண்டு வருஷம் திரும்பாவிட்டால், தர்ப்பையால் உடம்பு, எலும்புக்கு ஒன்றாகப் பலாச மரத்து இலைக்காம்பு, தலைக்குத் தேங்காய் என்று ஒரு பொம்மை செய்து கொளுத்திக் கர்மம் பண்ணிவிட வேண்டும் என்பது சாஸ்திரம். பொம்மை எரிந்தால் வைதேஹியின் குங்குமம் போகும், தலைமயிரும் போகும். கல்யாணத்தன்று அவளுக்குப் பதினொரு வயசு. புருஷனோடு ஒரு தீபாவளியை முழுசாகக் கண்டவளில்லை.

பன்னிரண்டு வருஷமும் முடிந்துவிட்டது. புரோகிதம் பார்க்கும் வாத்தியார் தேசிகன் அடுத்த அமாவாசைக்கு நாள் குறித்தார்.

"தீட்டு உண்டா இல்லையான்னே தெரியாத கையாலே பெருமாளுக்கு எத்தனை காலம் அமுது பண்றது, ஓய்? பெருமாள் பொறுத்துப்பார். ஊர் பொறுக்குமோ?"

பராங்குசத்தின் மனைவி சூடாமணி எப்போதும்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வைதேஹி பானையில் ஒரு பிடி வைப்பதை நிறுத்தவில்லை.

இந்தச் சமயத்தில்தான் செவிலிமேட்டு தர்மன் வந்து சேர்ந்தார். சந்நிதிக்கு வாழையிலை கொண்டுவந்து போட்ட பழக்கத்தில் சிநேகிதரானவர். இப்போது தாலுக்கா போர்டு மெம்பர். கோயிலைத் திட்டிக் கூட்டம் போடுவார். இலை போடுவதை விடவில்லை.

"சாமி, பட்டணத்துல எகிப்து காட்சி ஒண்ணு வந்துருக்குது. மூவாயிரம் வருசத்துப் பொணத்தை அழுகாம அப்படியே கொண்ணாந்து வெச்சுருக்கானாம் ஒரு தொரை. ஜனம் அலைமோதுது சாமி! அந்த ஊரு ஆளுங்ககூட வந்துருக்காங்களாம்."

"பொணத்தைப் பார்க்க ரயிலேறிப் போவாளா யாராவது?" என்று பராங்குசம் சீறினார். சீறி முடித்தபிறகுதான் கடைசி வாக்கியம் காதில் ஏறியது. "அந்த ஊர் மனுஷாளே வந்திருக்காளா?"

மறுநாள் விடியற்காலை கிளம்பினார்கள். வைதேஹி தயிர்சாதத்தை இலையில் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்த கையைச் சட்டென்று எடுக்கவில்லை.

"அப்பா, அந்த ஊர்க்காராளைப் பார்த்தா கேளுங்கோ."

"அதுக்குத்தானேம்மா போறேன்."

செங்கற்பட்டில் வண்டி மாறி எழும்பூரில் இறங்கினார்கள். காட்சி ஒரு மைதானத்துக் கொட்டகையில். வாசலில் பச்சைச் சாயம் பூசிய ராஜா ஒருவர் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு அட்டையில் நின்றார். உள்ளே கல் பூனை, மண் ஜாடி, நாய்த்தலைச் சாமி, பருந்துத்தலைச் சாமி.

"சாமி, இங்க பாருங்க, நம்ம கருடாழ்வாரு மூக்கு! பங்காளியா இருப்பாரோ?"

"வாயை வச்சுண்டு சும்மா இரு, தர்மா."

"இருந்தா நல்லதுதானே. அங்கயும் ஒரு மடைப்பள்ளி இருக்கும். உங்களுக்கு வேலை கெடைக்கும்."

பராங்குசத்தின் கண் பொருள்களின் மேல் இல்லை. ஆட்களைத் தேடிற்று. சிவப்புக் குல்லாயும் கணுக்கால்வரை அங்கியுமாக ஒருவன் கண்ணாடிப் பெட்டியருகே நின்று ஏதோ பாஷையில் முழங்கிக்கொண்டிருந்தான். கூட்டம் நகர்ந்ததும் இவர் கைகூப்பிக்கொண்டு அவனிடம் போனார். தமிழ் தெரியுமோ தெரியாதோ என்று, கையால் கப்பல் ஓட்டிக் காட்டி, மீசை வரைந்து காட்டி, "என் பிள்ளை... உங்க தேசத்துலே... சண்டையிலே..." என்றார்.

அவன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அய்யரே, நான் வாலாஜாபேட்டைங்க. எகிப்து எந்தத் திக்குன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். மெதுவாப் பேசுங்க. தொரை கேட்டா நௌக்கரி போயிடும்."

"இங்கே வேறே யாரும்..."

"எல்லாம் நம்ம ஆளுங்கதான். அந்த ஊர்லேருந்து வந்தது இந்த ராசா ஒருத்தருதான்" என்று பெட்டியைக் காட்டினான்.

பராங்குசம்கூடக் குனிந்து பார்த்துவிட்டார். நைந்த துணியில் வரிந்து வரிந்து சுற்றிய உடம்பு. கால்மாட்டில் துணி கிழிந்து விரல்கள் தெரிந்தன. கருகின வாழைக்காய்ப் பிஞ்சுகள் மாதிரி ஐந்து. பக்கத்தில் ஒரு தட்டில் கல்லாய் இறுகிப்போன ஏதோ வட்டம்.

"அது என்ன?"

"ரொட்டி. செத்தவரு பசின்னு எழுந்தா சாப்பிடணும்னு ஊட்டுக்காரங்க கூட வெச்சது."

"சாப்பிட்டாரா?"

குல்லாய்க்காரனுக்கு இப்படி ஒரு கேள்வியை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. "அது... அப்படியேதான் இருக்குதுங்களே" என்றான்.

பராங்குசம் ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பெருமாளுக்குப் படைத்ததை நாலு பேர் பிரசாதம் என்று வாங்கித் தின்றார்கள். வரதனுக்கு வைத்ததை அவரே தின்றார். இதை எடுத்துத் தின்னவும் ஆளில்லை. வைத்தவளும் போய்ச் சேர்ந்து மூவாயிரம் வருஷம். அவளுக்கு அது தெரிந்திருக்குமா? நாளைக்கு எழுந்துவிடுவான் என்று நினைத்துத்தானே பிசைந்திருப்பாள்?

"சண்டைக்குப் போனது உங்க சொந்தப் பையனா?" என்று அவன் இரக்கத்தோடு கேட்டான். "என் தம்பியும் அந்தச் சண்டைக்குத்தான் போனான்."

"வந்தானா?"

"வந்தான். காலு ஒண்ணு வரல."

வெளியே வந்ததும் தர்மன் சோற்று மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். பராங்குசம் தலையை ஆட்டினார். "பிரேதம் பார்த்தாச்சு. ஸ்நானம் பண்ணாம ஜலம்கூட வாயிலே விடக் கூடாது. நீ சாப்பிடு."

"கோர்ட்டுலயே இத்தினி வருசம்னு கெடு வெச்சுருக்கான். அதைத் தாண்டினா வழக்கே செல்லாது. மூவாயிரம் வருசத்துத் தீட்டு எப்படி சாமி செல்லும்?"

"தீட்டுக்குக் கெடு கிடையாது."

"அப்ப உங்க பொம்மைக்கு மட்டும் எப்படி பன்னெண்டு வருசக் கெடு?"

பராங்குசம் அவரை நிமிர்ந்து பார்த்தார். போர்டு கூட்டத்தில் கைதட்டல் வாங்கக்கூடிய கேள்விதான். இங்கே தர்மனே கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். அன்றைக்கு வயிறு நிறைந்தது அவர் ஒருவருக்குத்தான்.

காஞ்சிபுரத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தர்மன் செவிலிமேட்டுக்கு மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு, "நானும் ஊட்டு வரைக்கும் வரட்டுமா சாமி?" என்றார். "எதுக்கு? நான் என்ன குழந்தையா?" என்று பராங்குசம் அவரை அனுப்பிவிட்டார். வழியில் இருந்த குளத்தில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டார். வேறு வேஷ்டி கொண்டுபோகவில்லை. அதையே பிழிந்து கட்டிக்கொண்டு, குடுமியிலிருந்து நீர் சொட்டச் சொட்டத் தெருவுக்குள் நுழைந்தார்.

அந்தத் தெருவில் விளக்கு வைக்கும் வேளையில் ஒருவன் ஈர வேஷ்டியோடு, நெற்றியில் திருமண் இல்லாமல் நடந்துவந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். வெளியூர் போன இடத்தில் சாவுச் செய்தி கேட்டு, தலைமுழுகிவிட்டு வருகிறான். பராங்குசம் எங்கே போனார் என்பது தெருவுக்குத் தெரியும். யாரைப் பற்றிக் கேட்கப் போனார் என்பதும் தெரியும். அவருக்கு மட்டும் அந்தக் கணத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் முழுகச் சொன்ன இடத்தில் முழுகிய மனுஷர். முழுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பழக்கமில்லை.

எதிர்வீட்டு ரமாமணி முதலில் பார்த்தாள். "ஐயோ! சூடாமணீ!" என்று அவள் வைத்த கூச்சலில் வாசற்கதவுகள் வரிசையாகத் திறந்தன.

சூடாமணி ஓடிவந்தாள். புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்தவள் அங்கேயே மண்ணில் சரிந்து வயிற்றில் அடித்துக்கொண்டாள். "என் கண்ணே, வரதா!"

"இல்லேடீ, இவன் அவனில்லே" என்றார் பராங்குசம். "இது வேறே... ராஜாவாம்... மூவாயிரம் வருஷம்..."

"துக்கத்துலே பிதற்றறார்" என்று யாரோ சொன்னார்கள். யாரோ அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வாத்தியார் தேசிகன் பஞ்சாங்கத்தோடு வந்துவிட்டார். "நிச்சயமாத் தெரிஞ்சதே, அது பெருமாள் கிருபை. சந்தேகம் தீர்ந்தது" என்றார். ஒரு வேலை ஒழுங்காக முடிந்த நிம்மதி அவர் முகத்தில்.

நிலைப்படியில் வைதேஹி நின்றாள். கையில் விளக்கு. அவள் ஒருத்திதான் அழவில்லை.

"அப்பா, நீங்க சொல்லுங்கோ. கேட்டேளா?"

"கேட்டேம்மா."

"இருக்கார்னு யாராவது சொன்னாளா?"

'இருக்கார்' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் தெரு கலைந்திருக்கும். அமாவாசைகூடக் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். பராங்குசம் வாயைத் திறந்தார். கல்லாகிப்போன அந்த ரொட்டிதான் கண்முன் வந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. குடுமியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

வைதேஹி விளக்கைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெண்கள் அவள் பின்னாலேயே போனார்கள்.

விடிந்ததும் பராங்குசம் வழக்கப்படி அடுக்களைக்குப் போய்ப் பானையைத் தேடினார். துலக்கி, துடைத்து, கவிழ்த்து வைத்திருந்தது.