ஆளுக்கொரு மூலையில் கேட்ட பூசை

எங்கள் கோயிலுக்குப் புதிதாக வரும் சாமியார்கள் எல்லாரும், இந்த ஊரில் வீட்டுக்கு வீடு சண்டை என்றுதான் முதலில் நினைப்பார்கள். பூசையில் புருஷன் வாசல் பக்கம், பெண்சாதி பீடத்தண்டை, பிள்ளைகள் வேறெங்கோ. ஒருவர் அதற்காகவே குடும்ப ஒற்றுமையைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் வைத்தார். நாங்களும் ஒற்றுமையாகக் கேட்டுக்கொண்டோம். கம்பெனி வேலைக்குத் தெற்கேயிருந்து வந்த பையன்கள் மட்டும், நைட் ஷிப்ட் முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல் ஒரே பெஞ்சில் ஒட்டி உட்காருகிறார்கள். பார்த்தால், தள்ளித் தள்ளி உட்காருங்கள் என்று சொல்லிப் பார்ப்பேன்.

இந்தப் பழக்கம் தொடங்கியபோது எனக்கு ஐந்து வயது இருக்கலாம். ஒரகடத்தில் கம்பெனி ஏது? இன்றைக்குப் புதுக் கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடம் முழுக்கப் பனங்காடு. எங்கள் தெருவில் பனையேறாத ஆம்பளை அப்பா ஒருத்தர்தான், உயரம் ஆகாது. குருத்தோலை ஞாயிறுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுவார். இறங்கியதும் தலைசுற்றல் என்று படுத்துவிடுவார். ஊர் ஓரத்தில் எங்களைப் போன்ற கிறிஸ்தவ வேதக்காரர் வீடுகள் கொஞ்சம்தான். எல்லா வீட்டுக்கும் தேவையான ஓலை ஒரு மரத்திலேயே தேறிவிடும்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில், ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில் பூசை நடக்கும்போது, முகத்தில் துணி கட்டிக்கொண்டு லாரியில் வந்தவர்கள் ஜன்னல் வழியாக நாட்டு வெடிகுண்டு வீசினார்கள். இனி எந்த வேதக்காரன் மணி அடித்தாலும் இதுதான் என்று கத்திவிட்டுப் போனார்களாம். பூசைக்கு வந்திருந்த ஒரு வீட்டார் அத்தனை பேரும் செத்துப்போனார்கள். அப்பா அடக்கத்துக்குப் போய்வந்தார்.

குருத்தோலை ஞாயிறு நெருங்கியது. போலீஸ் ஏட்டு வந்து, கொஞ்ச நாள் கோயிலைப் பூட்டி வையுங்கள் என்றார். சாமியாரோ, யார் வராவிட்டாலும் நான் வருவேன் என்று சொல்லியனுப்பினார். அப்பா அதற்குள் ஓலை வெட்டியிருந்தார். அவ்வளவு உயரம் ஏறியது வீணாகக் கூடாதென்பது அவர் நியாயம். அம்மா, நாம் போகலாம், பிள்ளைகளை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்றாள்.

அப்பாவின் அக்கா, என் அத்தை, முறத்தைக் கீழே வைத்தாள்.

"வூட்டுக்கு வழி அவனுங்களுக்குத் தெரியாதா இன்னா? அந்த வூட்ல அல்லாரும் ஒரே வரிசைல குந்திகினு இருந்தாங்க. மண்ணு போடக்கூட ஒரு ஆளு மிஞ்சல. நாம அல்லாருமே போறோம். ஆனா ஆளுக்கு ஒரு மூலைல குந்துறோம்."

தனக்கு எந்த மூலை என்று அப்பா கேட்டார்.

"ஒனுக்கு வாசக்கதவுதான்டா. நீ வுடற கொறட்டைக்கு எவனும் உள்ள வரமாட்டான்."

அந்த வாரத்தில் அம்மா சிரித்தது அப்போதுதான். அத்தை எழுந்து, இதையே சொல்லத் தெரு முழுக்க வீடு வீடாகப் போனாள்.

ஞாயிறு காலை மணியை அவளே அடித்தாள், வழக்கத்தைவிட ரொம்ப நேரம். எல்லா வீட்டிலிருந்தும் வந்தார்கள், ஓலையைப் பிடித்துக்கொண்டு.

எனக்கு மட்டும் இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அம்மா மடியில் தூங்குவதுதான் எனக்குப் பூசை. வெல்லம் திருடித் தின்றதற்குத் தண்டனை என்று முடிவுகட்டிக்கொண்டேன். சாமியார் உடுப்பு மாற்றும் அறை பின்வரிசைகளுக்குப் பக்கத்தில்; அதற்குப் பின்கதவு உண்டு, திறந்தால் வயல். அதன் ஓரமாக இளவட்டங்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு சின்னப் பிள்ளையை மடியில் கொடுத்திருந்தார்கள். எனக்கு வாய்த்தவன் பக்கத்து வீட்டு அண்ணன். முயல் வேட்டையில் நாயை முந்துகிறவன் என்று பெயர். அவனுக்கு அம்மா மட்டும்தான், கால் விளங்காதவள். நேரத்தோடே அவளைத் தூக்கிவந்து முன்வரிசையில் தூணோரம் உட்காரவைத்திருந்தான்.

அப்போது பூசையெல்லாம் லத்தீன். இயேசுவின் பாடுகளின் வாசகம் முடிகிற மாதிரியே இல்லை. பாதியில், வெளியே ரோட்டில் ஒரு லாரி வந்து நின்றது. சாமியார் குரல் நின்றது. பெரியவர்கள் ஒருத்தரும் எழவில்லை. அண்ணன் என் இடுப்பை நெரித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவைத் தள்ளி, ஒரு காலை வெளியே வைத்தான். கண் மட்டும் அவன் அம்மா முதுகில். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, வயல் பக்கமாக விசிறினாள். ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்தேன். வலி பொறுக்காமல் அவன் கையைக் கடித்தேன். அவன் விடவில்லை.

வாசலில் அப்பா யாருக்கோ பதில் சொல்வது கேட்டது.

"வாலாஜாபாத்தா? நேரா போ நைனா."

லாரி போனது. சாமியார் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பூசை முடிந்ததும் அம்மாவிடம் ஓடி, இந்த அண்ணன் என்னை நசுக்கிவிட்டான் என்று அழுதேன். அவள் அவன் கையைப் பார்த்தாள். பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள். பிறகு தூணண்டை போய், அவன் அம்மா காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நசுக்கியவனை ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?