கடலுக்குப் போகாத கலயம்

எங்க பாப்பா படிக்கிற கவர்மெண்ட் ஸ்கூல்ல மதப் பாடம்னு ஒண்ணு புதுசா ஆரம்பிச்சாங்க. பாப்பான்னா என் தங்கச்சி, ப்ளஸ் ஒன்னு. இஷ்டம் இருக்கறவங்க சேரலாம், இல்லாதவங்க அந்த பீரியடுல லைப்ரரில ஒக்காந்துக்கலாம். ஒலகத்துல எத்தினி மதம் இருக்குது, யாரு எப்டி சாமி கும்புடறாங்க, எதுக்கு நோம்பு இருக்காங்க, அதெல்லாம் சொல்லிக் குடுப்பாங்களாம். வீட்ல கையெழுத்து வாங்கினு வரச் சொல்லி பேப்பர் குடுத்து வுட்டாங்க.

எதுத்த வீட்டு அக்கா அம்மாகிட்ட, "போட்டுக் குடுத்துட்டு, நாளைக்கு பொண்ணு வேற சாமிய கும்புட்டா எங்கிட்ட வந்து அழாத"ன்னு சொல்லுச்சு.

"நம்ம சாமி மட்டும் நமக்கு இன்னா கிழிச்சிடுச்சு"ன்னு சொல்லிட்டு அம்மா கையெழுத்துப் போட்டுச்சு. நைனா செத்து அப்போ நாலு மாசம்.

நான் எட்டாவதோட நின்னவன். செஞ்சி மார்க்கெட் கமிட்டில நெல்லு மூட்ட, மல்லாட்ட மூட்ட தூக்கறேன், மல்லாட்டன்னா வேர்க்கடல. எனக்கும் அந்த பாடத்துக்கும் இன்னா சம்பந்தம். மொதல்ல ஒண்ணும் இல்ல தான். சாயங்காலம் வந்தா பாப்பா கதை மாதிரி சொல்லும், நானும் கேட்டுனு சாப்புடுவேன். அப்புறம் தான் அவங்க மிஸ் ஒரு வீட்டுப்பாடம் குடுத்தாங்க. செத்தவங்கள அவங்கவங்க வீட்ல எப்டி அனுப்பி வெக்கறாங்கன்னு கேட்டு, வரிசையா எழுதினு வரணும். அப்புறம் ஒருநாளு அப்பா அம்மாவ வரவெச்சி, அவங்க முன்னாடியே படிச்சிக் காட்டணும்.

பாப்பா நோட்ட எடுத்துனு என் எதுருல ஒக்காந்துச்சு.

"ண்ணா, பொம்பளைங்கள தெரு மொனைக்கு மேல வுடல. அதுக்கப்புறம் நீ தான் சொல்லணும். கொள்ளி வெச்ச. மறுநாளு பால் தெளிச்சி எலும்பு பொறுக்கி கலயத்துல போட்ட. அப்புறம் மரக்காணம் போய் கடல்ல கரைச்ச. எப்டி கரைச்ச?"

"தண்ணில எறங்கி."

"எவ்ளோ ஆழம்?"

"இடுப்பளவு."

"அல பெருசா இருந்துச்சா?"

"கடல்ல அல இல்லாம கம்முனா இருக்கும். எழுது."

பாப்பா சிரிச்சினே எழுதுச்சு. மொறத்துல அரிசி பொடச்சினு இருந்த அம்மா திரும்பி, "ஒத்தையா போய் செஞ்சிட்டு வந்தான் எம்புள்ள. அத நல்லா பெருசா எழுது"ன்னு சொல்லுச்சு. நான் பாதி சோத்தோட கை கழுவ எந்திரிச்சேன்.

நான் இந்த வயசு வரைக்கும் கடல கண்ணால பாத்ததில்ல.

கரைக்கப் போற அன்னைக்கு கூட வரேன்னு சொன்ன சித்தப்பா காலையிலியே குடிச்சிட்டு படுத்துட்டாரு. நானே பைக் ஹேண்டில்ல கலயத்த மாட்டினு கெளம்பிட்டேன். கடலு வர்ற வரைக்கும் அது தரையில படக் கூடாது, அத ஒண்ண தான் திருப்பித் திருப்பி சொல்லி அனுப்புனாங்க. வல்லம் போறதுக்குள்ள ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் உள்ள கலகலன்னு சத்தம். யாரோ பல்ல கடிக்கிற மாதிரி. வல்லம் தாண்டி ஒரு ஏரிக்கரையில வண்டிய நிறுத்திட்டு ஒண்ணுக்குப் போனேன். ஸ்டாண்டு சரியா போடல போல. திரும்பிப் பாக்கறேன், வண்டி சாஞ்சி கெடக்குது. கலயம் ஒடஞ்சி, எலும்பெல்லாம் மண்ணுல.

கையால அள்ளணும்னு தான் குனிஞ்சேன். சுடுகாட்ல பொறுக்கும்போது அதே கை தான். அப்போ சுத்தி பத்து பேரு இருந்தாங்க. இப்போ நான் மட்டும். கை போகல. காலால தள்ளுனேன். எங்க நைனாவ காலால தள்ளி தள்ளி தண்ணில வுட்டேன். செருப்பக் கூட கழட்டல.

அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஒரு வேப்பமரத்தாண்ட ஒக்காந்திருந்தேன். கடல்ல முழுகனவன் மாதிரி வீட்டுக்குப் போகணுமேன்னு ஒரு கடையில கல்லுப்பு வாங்கி, வாட்டர் பாட்டில்ல கரைச்சி தலையோட ஊத்திக்கினேன். வர்ற வழியில சட்ட காஞ்சி வெள்ளையா பூத்துச்சு. அம்மா அத தொட்டுப் பாத்து அழுதுச்சு.

அன்னியிலேர்ந்து எனக்கு பயம். அம்மாவுக்கு காய்ச்சல் வந்தா நைனாவோட கோவம் தான்னு நெனப்பேன். மூட்ட நழுவி பக்கத்துல நிக்கறவன் மேல வுழுந்தா அதுவும் நைனா தான். சோத்துக் கைப் பக்கத்து கால்ல, தள்ளுன கால்ல, ஒரு வலி வந்துச்சு. டாக்டரு பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாரு. ஒண்ணும் இல்லன்னு சொன்னது தான் இன்னும் பயம்.

அந்த பாடம் அத பெருசாக்கிடுச்சு. பாப்பா தெனமும் வந்து மத்த பசங்க எழுதனத சொல்லும். பாய் வீட்டுப் பொண்ணோட வீட்ல குளிப்பாட்டி, வெள்ளத் துணி சுத்தி, கூடுமான வரைக்கும் அன்னைக்கே அடக்கம் பண்ணிடுவாங்களாம். கிறிஸ்டியன் பையன் வீட்ல வருஷா வருஷம் கல்லறைக்கு சுண்ணாம்பு அடிச்சி மெழுகுவத்தி ஏத்துவாங்களாம். எங்கியோ ஒரு நாட்ல ஒடம்ப மல மேல கழுகுக்குப் போடறாங்க, அதுக்கும் ஒரு மொற இருக்குதாம். நம்ம ஆளுங்க தான் தேவையில்லாம இவ்ளோ மொற வெச்சினு பயப்படறாங்கன்னு நான் மனச தேத்தி வெச்சிருந்தேன். பாத்தா ஒலகம் பூரா அப்டி தான் இருக்குது. செத்தவங்கள யாரும் பாதில வுடல. காலால தள்ளுனவன்னு எந்த மதத்துலயும் ஒருத்தனும் இல்ல.

ஒருநாளு தாங்க முடியாம, கமிட்டிலேர்ந்து தலத் துண்டோட நேரா ஸ்கூலுக்குப் போயிட்டேன். மிஸ் வராண்டால நின்னுனு இருந்தாங்க. பாப்பாவோட அண்ணன்னு சொன்னேன். "என் ஃப்ரெண்டு ஒருத்தன், அவங்க அப்பா காரியத்துல தப்பு பண்ணிட்டான் மிஸ். கலயம் தரையில பட்டுடுச்சு. அதுக்கு இன்னா ஆவும்?"

"என்ன ஆகும்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு நம்பறாங்க தம்பி. அத தான் நாங்க சொல்லித் தர்றோம். எது சரி, எது தப்புன்னு இந்த பாடத்துல சொல்லக் கூடாது."

"நீங்க இன்னா நம்பறீங்க மிஸ்?"

"அத பசங்களுக்கே சொல்றதில்ல. சொன்னா பாடம் கெட்டுடும்."

நான் துண்ட அவுத்து கையில சுத்திக்கினு நின்னேன். எல்லா மதமும் படிச்சவங்க, ஒரு வார்த்த சொன்னா போதும்னு வந்தேன். "ஏதாவது ஆவும்னு சொல்ற மதம் நெறைய இருக்குதா மிஸ், ஆவாதுன்னு சொல்றது நெறைய இருக்குதா"ன்னு கேட்டேன். அவங்க என்ன பாத்து, "உங்க ஃப்ரெண்டு ஒழுங்கா சாப்பிடறாரா?"ன்னு கேட்டாங்க. அதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு.

படிச்சிக் காட்டற நாளுக்கு அம்மா வராதுன்னு நம்பினு இருந்தேன். துக்கம் நடந்த வீட்டுக்காரங்க ஒரு வருஷத்துக்கு எங்கியும் போகக் கூடாது. "ஸ்கூலு தான, கல்யாண வீடா"ன்னு சொல்லிட்டு மொத ஆளா கெளம்பிடுச்சு. அதுக்கு மேல எனக்கு வேற பயம் வந்துச்சு. அத்தினி பேரு முன்னாடி நைனா பேர சொல்லி பாப்பா என் பொய்ய படிக்கப் போவுது. அது நைனாவுக்கு கேக்கும்.

ஸ்கூல் கொழாயாண்ட பாப்பாவ தனியா கூப்புட்டேன்.

"கடல் வர்ற எடத்த படிக்காத."

"ஏண்ணா?"

"நான் போகல."

"எங்க போகல?"

"கடலுக்கே போகல."

பாப்பா நோட்டயும் என்னயும் மாத்தி மாத்தி பாத்துச்சு. "இடுப்பளவு தண்ணின்ன?"

"பொய்."

"அல?"

"அதுவும் தான்."

"அப்போ நைனா எங்க இருக்காரு?"

"வல்லம் தாண்டி, ஏரில." காலால தள்ளனத சொல்லல. உள்ளேர்ந்து மிஸ் கூப்புட்டாங்க. பாப்பா மூஞ்சிய தொடச்சினு போச்சு.

அம்மா மூணாவது பெஞ்சுல, நான் கதவாண்ட. பாப்பா படிச்சுது. பச்ச மட்டையில பாடை கட்னது, கொள்ளி, பாலு, எலும்பு, மஞ்சத் துணியால கலயத்து வாய கட்னது. அங்க வந்து நின்னுடுச்சு. எல்லாரும் பாத்துனு இருந்தாங்க. "அடுத்தது எங்க வீட்ல இன்னும் முடியல"ன்னு சொல்லிட்டு போய் ஒக்காந்துடுச்சு. மிஸ் ஒண்ணும் கேக்காம அடுத்த பையன கூப்புட்டாங்க.

அம்மா பாப்பாவ பாக்கல. கழுத்த திருப்பி என்ன பாத்துச்சு.

வெளிய வந்து ஏரின்னு மட்டும் சொன்னேன். அம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் எனக்கு முன்னாடி நடந்து போய் திண்டிவனம் வண்டில ஏறிடுச்சு. வல்லம் தாண்டி ரெண்டு பேரும் எறங்குனோம். மழ பேஞ்சி ஏரி ரொம்பி இருந்துச்சு. கலயம் ஒடஞ்ச எடத்துக்கு மேலயே தண்ணி.

"எந்த எடம்?"

கைய நீட்டுனேன். சரியான எடமான்னு எனக்கே தெரியல.

"கையால தான வுட்ட?"

ஆமான்னு சொல்லியிருக்கலாம். வாயில வந்துச்சு. "காலால தள்ளுனேம்மா. தொட பயமா இருந்துச்சு."

அம்மா அடிக்கும்னு நெனச்சேன். அடிக்கல. "எறங்கு"ன்னு மட்டும் சொல்லுச்சு. செருப்ப கழட்டிட்டு எறங்குனேன். தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. முட்டி வரைக்கும் வந்துச்சு, தொடை வரைக்கும் வந்துச்சு. சேறு வெரலு நடுவுல பூந்துச்சு. கெட்டியா ஏதோ மிதிபட்டுச்சு. கல்லா இருக்கலாம். அம்மா கரையில நின்னுனு தண்ணியப் பாத்து பேசுச்சு. "த பாருங்க, கொயந்த பயந்துட்டான். மனசுல வெச்சிக்காதீங்க."

அப்புறம், "சரி, ஏறி வா"ன்னு என்ன கூப்புட்டுச்சு.

ஏறணும்னா ஒரு கால எடுத்து வேற எடத்துல வெக்கணும். எங்க வெச்சாலும் நைனா மேல வெப்பேனோன்னு இருந்துச்சு. அம்மா மறுபடியும் கூப்புட்டுச்சு. எனக்கு கால எடுக்க தைரியம் வரல.